கல்யாணம் ஆகாமல் பிறக்கும் குழந்தை: சட்டப்படி பெற்றோர் யார், அந்த உரிமையை எப்படிக் காப்பது?

எதிர்பாராமல் கரு தங்கிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, உடனே ஆகும் என்ற நிலைமையும் இல்லை. இப்படி ஒரு வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் "வெளியே தெரியாமல் இதை எப்படி முடிப்பது" என்பதைச் சுற்றியே ஓடும். பிறக்கப் போகும் குழந்தைக்கு யார் பொறுப்பு, யார் கையெழுத்துப் போட்டால் செல்லும், யார் போட்டால் செல்லாது என்ற கேள்வி யார் வாயிலும் வராது. அது வருவதற்குள் ஏதாவது ஒரு தாளில் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கி முடித்திருப்பார்கள்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் ஊர் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. திருமணமாகாத தாய்க்கு அது கொடுக்கும் இடம், எழுத்தில் பார்த்தால், திருமணமான தாய்க்குக் கொடுப்பதைவிட ஒரு படி மேலேயே இருக்கிறது. 1956-ம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் காப்பாளர் தந்தை, அவருக்கு அப்புறம்தான் தாய் என்கிறது. (அந்த "அப்புறம்" என்பதற்குத் தந்தை செத்த பிறகு என்று பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.) அதே பிரிவு திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று வரும்போது வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் தாய், அவருக்கு அப்புறம் தந்தை. ஆக இந்துக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் கல்யாணம் ஆகாமல் தாயானால், அந்தக் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் அவர்தான். அவருடைய அப்பா இல்லை, அண்ணன் இல்லை, மாமா இல்லை. குழந்தையின் அப்பாவும் அவருக்குப் பின்னால்தான் வருகிறார்.

மற்ற மதத்தவருக்கு என்ன என்று கேட்டால், அங்கே 2015 ஜூலையில் வந்த ஒரு தீர்ப்பு முக்கியம். டெல்லியைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண், திருமணமாகாதவர், நல்ல வேலையில் இருந்தவர், மகனைத் தனியாகவே வளர்த்தவர். சேமிப்பிலும் காப்பீட்டிலும் மகனை நாமினியாகப் போடப் போனார். தந்தை பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கோர்ட்டில் காப்பாளர் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். கோர்ட்டுக்குப் போனால், தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமல் விசாரிக்க முடியாது என்று கீழ் நீதிமன்றமும் தள்ளியது, உயர் நீதிமன்றமும் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விக்ரமஜித் சென் அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒருவரின் பெயரைச் சொல்லச் சொல்லித் தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது, காப்பாளராக அறிவிக்கக் கேட்கும் மனுவில் அவருக்கு நோட்டீஸும் தேவையில்லை என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: தனித்து வாழும் தாயோ திருமணமாகாத தாயோ, தன் வயிற்றில் பிறந்த குழந்தை இது என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும். தந்தை யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை குழந்தைக்கு இருக்கிறது என்பதால், அந்த விவரத்தைத் தாயிடம் கேட்டு உறையில் போட்டு முத்திரை வைத்து நீதிமன்றமே வைத்துக்கொண்டது.

சரி, சட்டம் தாய் பக்கம் இருக்கிறது, அப்புறம் எப்படிக் குழந்தைகள் தாயின் கையை விட்டுப் போகின்றன? பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டிய அந்தச் சில வாரங்களில், வீட்டாரும் "தெரிந்தவர்களும்" நீட்டும் தாள்களால்தான். அதனால் எந்தத் தாள் என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் பாதி வேலை.

கருவைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவு அதற்கும் முந்தியது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிரம்பிய பெண் என்றால் கருக்கலைப்புக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவன், காதலன், பெற்றோர் யார் கையெழுத்தும் சட்டப்படி வேண்டாம், சில ஆஸ்பத்திரிகளில் கேட்பார்கள், அது அவர்களின் பழக்கமே தவிர சட்டம் அல்ல. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 முதல் 24 வாரம் வரை சில வகையினருக்கு இரண்டு மருத்துவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். அந்த 24 வார வாய்ப்பு திருமணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இதில் ஆணுக்குத் தடுக்கும் உரிமையும் இல்லை, கட்டாயப்படுத்தும் உரிமையும் இல்லை. பெண் 18 வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு, போக்சோ சட்டம் உள்ளே வந்துவிடும்.

குழந்தையைப் பெற்றுக்கொள்வது என்று முடிவானால் முதல் தாள் பிறப்புப் பதிவு. இதை ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தேவைப்படும் சான்றிதழ் என்று மட்டும் நினைக்கிறோம். ஆனால் இந்தக் குழந்தைக்கு இவர்தான் தாய் என்று அரசு பதிவேட்டில் விழும் முதல் எழுத்து அதுதான், பின்னால் யார் வந்து என்ன சொன்னாலும் அதை எடுத்துக் காட்டலாம். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடமும் தாண்டினால் மாஜிஸ்திரேட் அந்தஸ்துள்ள அதிகாரியின் உத்தரவு வரைக்கும் போகும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பதிவுக்குப் பிக்மி எண் கேட்பார்கள், அது கர்ப்ப காலத்தில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யும்போது கிடைப்பது. ஒளித்து வைத்துப் பிரசவம் பார்க்கும் வீடுகளில் முதலில் விடுபடுவது இந்தப் பதிவுதான், பிறகு சான்றிதழுக்கு அலைய வேண்டி வரும். 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் விவரத்தை அந்தத் தாயே கொடுக்கலாம் என்று எழுத்திலேயே சொல்கிறது. தந்தை பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம். கவுரவத்துக்காக அந்தக் கட்டத்தில் தாத்தா பெயரையோ மாமன் பெயரையோ எழுதுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பொய்த் தகவல், இருபது வருடம் கழித்தும் சிக்கலாக நிற்கும். பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், பான் கார்டுக்கும் தாய் தனியாக வளர்த்தால் 2018 டிசம்பரிலிருந்து தந்தை பெயர் கட்டாயமில்லை. ஆகவே வெறும் கட்டத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த தாள்தான் ஆபத்தானது. குழந்தையைக் கொடுத்துவிடுவது.

வளர்க்க முடியாது என்று தாய் தானே முடிவெடுத்தால் அதற்குச் சட்டத்தில் ஒரு நேர்வழி இருக்கிறது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் விசாரித்து, ஆலோசனை கொடுத்து, அதற்குப் பிறகே ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தாய் திருமணமாகாதவர் என்றால் கையெழுத்து அவருடையது, அவருக்குப் பதிலாக அவருடைய பெற்றோர் போட முடியாது. பத்திரம் எழுதிய நாளிலிருந்து இரண்டு மாதம் மனம் மாற அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குள் குழு முன்னால் போய், குழந்தை எனக்கு வேண்டும் என்று கேட்கலாம். அது முடிந்த பிறகுதான் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தகுதியானது என்று அறிவிப்பார்கள். இந்த இரண்டு மாதம் எதற்கு என்றால், பிரசவித்த மூன்றாம் நாள் எடுக்கும் முடிவும் ஐம்பதாம் நாள் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது அவர்களின் கடமை.

இதற்கு வெளியே நடக்கும் எல்லாமே பிரச்சினைதான். நர்ஸுக்குத் தெரிந்த குழந்தையில்லாத தம்பதி, இருபது ரூபாய் முத்திரைத் தாளில் "என் சம்மதத்துடன் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அந்தத் தம்பதியின் பெயரிலேயே பிரசவம் என்று எழுதிக்கொள்வது, இதெல்லாம் தத்து கிடையாது. சட்டம் சொல்லும் வழியை விட்டுக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை, ஐந்து வருடம் வரை. ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் மூன்று முதல் ஏழு வருடம். தாய்க்கு உதவுவதாகச் சொல்லி வருகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பற்றிப் பலருக்கும் தெரியும். பெண் சிசுக் கொலையைத் தடுக்க வந்தது, நிறைய உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போன குழந்தையை நாளைக்குத் தேடிப் போனால், "இது என் குழந்தை" என்று காட்டக் கையில் ஒரு தாளும் இருக்காது. சட்டத்தின் பார்வையில் அது கைவிடப்பட்ட குழந்தை, இரண்டு வயதுக்குட்பட்டதென்றால் குழு முன் கொண்டுவந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்க வேண்டும் என்பதே விதி. திரும்பப் பெறும் எண்ணம் துளியாவது இருந்தால் ஒப்படைப்புப் பத்திரமே நல்லது.

குடும்பமே தாய்க்கு எதிராகப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளாவில் 2020, 2021-ல் நடந்ததைப் பார்க்கலாம். 2020 அக்டோபரில் ஒரு இளம்பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. பிறந்த சில நாளில் குழந்தை திருவனந்தபுரத்து அம்மத்தொட்டிலுக்கு (நம் தொட்டில் குழந்தைத் திட்டம் போல அங்கே இருப்பது) போய்விட்டது. அவருடைய சம்மதத்துடன்தான் கொடுத்தோம், எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அவரின் பெற்றோர் தரப்பு சொன்னது, எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவர் சொன்னார். அவர் போலீஸுக்கும் அதிகாரிகளுக்கும் அலைந்துகொண்டிருந்த காலத்திலேயே 2021 ஆகஸ்டில் குழந்தை ஆந்திராவில் ஒரு தம்பதியிடம் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் கொடுக்கப்பட்டது. விஷயம் ஊடகத்தில் வெடித்த பிறகு குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து, டிஎன்ஏ பரிசோதனை செய்து, 2021 நவம்பரில் குடும்ப நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்தது. ஒரு வருடத்துக்கும் மேல். சட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தும் ஒரு வருடம், அதுவும் நாடே பார்த்துக்கொண்டிருந்ததால். அந்த ஆந்திரத் தம்பதியையும் நினைத்துப் பாருங்கள், அவர்கள் முறையாக விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேகம். குழந்தையைத் தன் விருப்பம் இல்லாமல் கொண்டுபோய்விட்டார்கள் என்றால் சொந்தக்காரர்களிடம் பேசிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே 1098-க்கு அழைக்கலாம், அது குழந்தைகள் உதவி எண். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். தாய் உரிமை கேட்கிறார் என்று கோப்பில் ஒரு காகிதம் ஏறிவிட்டால், அதைத் தாண்டி அடுத்த படிக்குப் போவது எந்த அதிகாரிக்கும் கஷ்டம். காப்பாளரிடமிருந்து குழந்தையை மறைத்து வைத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

இனி அப்பாக்கள். கல்யாணம் ஆகாத அப்பாவுக்குச் சட்டம் தருகிற இடம் சின்னது, அதை இனிப்புப் பூசிச் சொல்வதில் பயனில்லை. தாய்க்கு அடுத்த இடத்தில்தான் அவர் காப்பாளர், தாய் குழந்தையை ஒப்படைக்கும்போது அவர் கையெழுத்தைக் கேட்பதில்லை. ஆனால் இடமே இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தை தன்னுடையது என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொள்வது, பிறப்புப் பதிவில் தாயின் சம்மதத்துடன் தன் பெயரைச் சேர்ப்பது, பிரசவச் செலவையும் மாதச் செலவையும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுப்பது, இவையெல்லாம் பின்னால் 1890-ம் ஆண்டு காப்பாளர்கள் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தில் குழந்தையைப் பார்க்கும் உரிமை கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும்போது பேசும். அங்கே நீதிபதி முதலில் பார்ப்பது குழந்தையின் நலன், அந்த நலனில் இந்த மனிதர் இதுவரை எங்கே இருந்தார் என்பதும் சேர்த்தி. மூன்று வருடம் போனை எடுக்காமல் இருந்துவிட்டு, தாய்க்கு வேறு இடத்தில் கல்யாணம் என்றதும் உரிமை கேட்டு வருகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உரிமையை வேண்டாம் என்று ஓடுகிற அப்பாவுக்குக் கடமை மட்டும் ஓடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவு, திருமணத்தில் பிறந்தாலும் வெளியே பிறந்தாலும் சின்னக் குழந்தைக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்கிறது, மதம் பார்ப்பதில்லை. இந்தப் பிரிவில் தாய் தனக்காகக் கேட்க முடியாது, அது மனைவிக்குத்தான், ஆனால் குழந்தைக்காகக் கேட்கலாம். ஒரே வீட்டில் கணவன் மனைவி போலக் கணிசமான காலம் வாழ்ந்திருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனக்கும் கேட்க வழி உண்டு. அப்படிப்பட்ட உறவு எது, எது இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் பிரித்துச் சொன்னது கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில்தான். இதோடு சேர்த்து ஒன்று: மகளிர் காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னாலோ "இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டேன், இனி எந்தத் தொடர்பும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பது குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை அழிக்காது. அது குழந்தையின் பணம், அதை வேண்டாம் என்று எழுதித் தர அம்மாவால் முடியாது.

குழந்தை என்னுடையதே இல்லை என்று அவர் சொன்னால்? அங்கேதான் டிஎன்ஏ. கேட்டவுடன் எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது, முகாந்திரம் வேண்டும்: செய்திகள், போட்டோக்கள், சேர்ந்து தங்கிய ஆதாரம். அதனால் கோபத்தில் போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். உத்தரவு போட்ட பிறகும் அவர் ரத்தம் கொடுக்க மறுத்தால், அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எவ்வளவு பெரிய ஆள் என்றாலும் தப்ப முடியாது என்பதற்கு என்.டி. திவாரி உதாரணம். உத்தரப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதல்வராக, ஆந்திராவுக்கு ஆளுநராக இருந்தவர். ரோஹித் சேகர் என்ற இளைஞர் இவர்தான் என் தந்தை என்று 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். திவாரி உச்ச நீதிமன்றம் வரை இழுத்தடித்தார், 2012-ல் டேராடூனில் அவர் வீட்டிலேயே ரத்தம் எடுத்தார்கள், அந்த ஜூலையில் முடிவு வெளிவந்தது, அவர்தான் தந்தை.

தாய் அந்த நேரத்தில் வேறொருவரின் சட்டபூர்வ மனைவி என்றால் விஷயம் சிக்கலாகும். திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தைக்குக் கணவனே தந்தை என்பது சட்டத்தின் அனுமானம். அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது உடையும். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்து, வேறொருவர்தான் என் தந்தை, டிஎன்ஏ எடுங்கள் என்று கேட்ட இளைஞருக்கு மறுத்துவிட்டது.

சொத்துப் பக்கம்தான் சட்டம் இன்னும் கஞ்சம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், கல்யாணமே நடக்காத உறவில் பிறந்த குழந்தை தாய்க்கு வாரிசு, தந்தைக்குத் தானாக வாரிசு ஆகாது. ஏதோ ஒரு சடங்கு நடந்து அந்தத் திருமணம் செல்லாது என்றால், உதாரணமாக அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால், பிள்ளைக்குத் தந்தையின் சொத்தில் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தந்தைக்கு வரவேண்டிய பாகத்திலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பு வந்திருக்கிறது. எந்தச் சடங்கும் இல்லை, ஆனால் அப்பாவுக்கு மனம் இருக்கிறது என்றால் அவர் தன் சுயசம்பாத்தியத்தை உயில் எழுதி வைக்கலாம். வாய்ப்பேச்சாக "என் பிள்ளைக்குச் செய்யாமல் விடுவேனா" என்பதற்கு அவர் போன பிறகு மதிப்பு இல்லை, நாமினியாகப் போட்டிருந்தாலும் நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான், வாரிசு அல்ல.

தாயும் ஒரு உயில் எழுத வேண்டும், சொத்தே இல்லாவிட்டாலும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைக்கு யார் காப்பாளர் என்று உயிலில் எழுத அவருக்கு உரிமை இருக்கிறது, முதலில் சொன்ன இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 9-வது பிரிவு அதைத் தருகிறது. எழுதாவிட்டால், இதுவரை எட்டிப் பார்க்காத அந்த மனிதர் வரிசையில் அடுத்து நிற்பார். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும், ஆனாலும் பதிவு செய்வது நல்லது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஆஸ்பத்திரித் தாள்கள், ஆதார், இதுவரை எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்களோ அவற்றின் நகல் அல்லது போட்டோ, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், படிக்காமல் போட்ட கையெழுத்தைப் பற்றியும் மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.